அடுக்களையிலும் சிகிச்சை அறையிலும் நுண்ணலை

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் சில குடும்பத்தினர் மருத்துவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தாத்தா இனிமேல் பேரனைத் தூக்கலாமா?" கல்லீரலில் இருந்த கட்டியை நுண்ணலையின் வெப்பத்தால் அழித்திருப்பார்கள். 'கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள்' என்னும் செய்தி அதற்குள் உறவினர் வட்டாரத்தில் பரவியிருக்கும். குழந்தையை வேறு அறையில் படுக்க வைப்பதா, தாத்தாவின் தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்குவதா என்று வீட்டில் ஆலோசனை நடக்கும். அதே வீட்டில், மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கிய கஞ்சியைக் கொடுத்தால் நோய் மீண்டும் வந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கும்.

இவ்விரண்டு அச்சங்களுக்கும் வேர் ஒன்றே. எக்ஸ் கதிர், கதிரியக்கப் பொருள்களிலிருந்து வெளிப்படும் கதிர், மைக்ரோவேவ் அடுப்பின் அலை ஆகிய மூன்றையும் தமிழில் 'கதிர்வீச்சு' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றே என்று மனம் எண்ணிக்கொள்கிறது. உண்மையில் நுண்ணலை தனி இனம். அது உடலுக்கு நன்மை செய்தாலும் தீங்கு செய்தாலும் வெப்பத்தின் வழியாகவே செய்கிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், தேவையற்ற அச்சத்தை விடவும் தேவையான எச்சரிக்கையைக் கைக்கொள்ளவும் முடியும்.

பேரனைத் தூக்கலாம். கஞ்சியையும் கொடுக்கலாம். ஆனால் கஞ்சியைச் சூடாக்கும் முறையில் கவனம் வேண்டும்.

நுண்ணலை என்பது எது?

வானொலி அலை, சூரிய ஒளி, எக்ஸ் கதிர் ஆகிய யாவும் மின்காந்த அலைகள் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அலைநீளத்தால் அவை வேறுபடுகின்றன. ஏறத்தாழ 1 மீட்டர் முதல் 1 மில்லிமீட்டர் வரை அலைநீளம் உடையவற்றை நுண்ணலைகள் என்கிறோம். வானொலி அலைகளைவிடக் குறுகியவை என்பதால் இப்பெயர் வந்தது. ஒளியோடு ஒப்பிட்டால் இவை மிக நீண்டவை.

ஒளியும் நுண்ணலையும் சிறு சிறு ஆற்றல் பொட்டலங்களாகவே பொருள்களை வந்தடைகின்றன. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுத்து, உயிரணுவின் மரபுப்பொருளை உடைக்க வேண்டுமானால் ஒவ்வொரு பொட்டலத்திலும் போதிய ஆற்றல் இருக்க வேண்டும். எக்ஸ் கதிருக்கும் காமாக் கதிருக்கும் அந்த ஆற்றல் உண்டு. சமையலறை நுண்ணலையின் ஒரு பொட்டலமோ, நாம் புத்தகம் படிக்கும் விளக்கொளியின் பொட்டலத்தைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் ஆற்றல் குறைந்தது. ஒரு கல் கண்ணாடியை உடைக்கும். ஆயிரம் மழைத்துளிகள் விழுந்தாலும் கண்ணாடி நனையுமே தவிர உடையாது. அதுபோல, நுண்ணலை எவ்வளவு பெருகினாலும் பொருள் சூடேறும். அதன் அணுக்கள் உடைவதில்லை.

விளக்கை அணைத்தவுடன் அறையில் ஒளி தங்குவதில்லை. நுண்ணலைக் கருவியை நிறுத்தியவுடன் உணவிலோ உடலிலோ அலை தங்குவதும் இல்லை. எஞ்சி இருப்பது சூடு மட்டுமே. அதுவும் சிறிது நேரத்தில் ஆறிவிடும்.

ராடாரிலிருந்து அடுப்பு வரை

நுண்ணலை ஆய்வின் தொடக்க வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஜகதீஷ் சந்திர போஸ் 1895ஆம் ஆண்டு வாக்கில், சில மில்லிமீட்டர் அலைநீளமே உடைய அலைகளைத் தாமே அமைத்த கருவிகளால் உருவாக்கினார். அவற்றைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தைப் பற்றவைத்தும் மக்கள் முன் காட்டினார்.

அரை நூற்றாண்டு கழித்து, இரண்டாம் உலகப் போரின்போது, எதிரி விமானங்களைக் கண்டறியும் ராடார் கருவிக்கு ஆற்றல் மிகுந்த நுண்ணலை தேவைப்பட்டது. 1940இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும் உருவாக்கிய குழி மேக்னட்ரான் அத்தேவையை நிறைவு செய்தது. உள்ளங்கையில் அடங்கும் அந்த உலோகக் கருவியின் வழித்தோன்றல்களே இன்று வீட்டு அடுப்புகளில் இருக்கின்றன.

1945இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் ராடார் கருவிகளோடு பணியாற்றிவந்த பெர்சி ஸ்பென்சர், தம் சட்டைப்பையில் இருந்த இனிப்புக்கட்டி உருகியிருப்பதைக் கண்டார் என்பர். அடுத்து அவர் சோளப்பொரி செய்து பார்த்தார். அவ்வாண்டிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பமும் அளிக்கப்பட்டது. 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஓர் ஆள் உயரமும் ஏறத்தாழ 340 கிலோ எடையும் கொண்டிருந்தது. சமையல் மேடையில் வைக்கத்தக்க அடுப்பு வீடுகளை அடைய மேலும் 20 ஆண்டுகள் ஆயின.

இன்று கைப்பேசி, வைஃபை, செயற்கைக்கோள் ஒளிபரப்பு, வழிகாட்டும் ஜிபிஎஸ், புயல் மழையை முன்னறியும் டாப்ளர் ராடார் ஆகிய யாவும் நுண்ணலையைக் கொண்டே இயங்குகின்றன. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்னும் இருவர், தங்கள் வானலை வாங்கியில் ஓயாது கேட்ட மெல்லிய இரைச்சலை முதலில் கருவியின் கோளாறு என்றே எண்ணினர். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி, எச்சத்தையும் துடைத்துப் பார்த்தனர். இரைச்சல் நிற்கவில்லை. அண்டத்தின் தொடக்க காலத்திலிருந்து எஞ்சி நிற்கும் நுண்ணலையே அது என்பது 1965இல் வெளியாயிற்று. 1978இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் பிறப்பதற்கு முன்பிருந்தே நம்மைச் சுற்றி நுண்ணலை இருந்துவருகிறது. நம் உடலின் சூட்டிலிருந்தும் மிக மெல்லிய அளவில் அது வெளிப்படுகிறது.

உணவு சூடாகும் விதம்

விறகடுப்பிலும் எரிவாயு அடுப்பிலும் முதலில் பாத்திரம் சூடாகி, பிறகு அதன் சூடு உணவுக்குள் இறங்குகிறது. நுண்ணலை அடுப்பில் அலை நேரே உணவுக்குள் நுழைகிறது. தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு முனையில் நேர்மின் தன்மையும் மறுமுனையில் எதிர்மின் தன்மையும் உண்டு. அலை திசை மாறும்போதெல்லாம் மூலக்கூறும் அதனோடு திரும்ப முயல்கிறது. வீட்டு அடுப்பில் அலை நொடிக்கு 245 கோடி முறை அதிர்கிறது. அத்தனை முறை திரும்ப முயலும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதி உரசுவதால் உணவு சூடேறுகிறது.

'நுண்ணலை உள்ளிருந்து வெளியே சமைக்கும்' என்பது பரவலான, ஆனால் தவறான கருத்து. அலை பெரும்பாலும் 2 அல்லது 3 செ.மீ. ஆழம் வரையே வலுவுடன் செல்கிறது. அதற்கும் உட்பட்ட பகுதி, வெளிப்புறச் சூடு மெல்லப் பரவுவதால்தான் சூடாகிறது. மேலும் அடுப்புக்குள் அலை எல்லா இடத்திலும் ஒரே வலுவோடு இருப்பதில்லை. ஓரிடம் கொதிக்கும்போது அதன் அருகிலேயே மற்றோரிடம் குளிர்ந்திருக்கும். தட்டு சுழல்வது இக்குறையை ஓரளவு நீக்குகிறது, முழுமையாக நீக்குவதில்லை.

அடுப்புக் கதவில் காணும் துளையிட்ட உலோகத் தகடு கொசுவலை போன்றது. காற்றை விடும் வலை கொசுவை விடாததுபோல, அத்துளைகள் ஒளியை விடுகின்றன, 12 செ.மீ. நீளமுள்ள நுண்ணலையை விடுவதில்லை. கதவு திறந்த நொடியில் அலை நின்றுவிடும் வகையிலும் அடுப்பு அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே நல்ல நிலையில் உள்ள அடுப்பின் அருகில் நிற்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கதவு வளைந்தோ, சரியாக மூடாமலோ, கண்ணாடி உடைந்தோ இருந்தால் பழுது பார்க்கும் வரை அதைப் பயன்படுத்தக் கூடாது.

கட்டியைச் சுடும் ஊசி

அடுக்களையில் கஞ்சியைச் சூடாக்கும் அதே இயல்பு, மருத்துவர் கையில் புற்றுக்கட்டியை அழிக்கும் கருவியாகிறது. 'மைக்ரோவேவ் அப்லேஷன்' எனப்படும் இம்முறையில் நீண்ட மெல்லிய ஊசி ஒன்றைத் தோலின் வழியாகச் செலுத்தி, அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. ஸ்கேன் படத்தைப் பார்த்தவாறே கட்டியின் நடுவில் நிறுத்துகிறார்கள். ஊசியின் நுனியில் நுண்ணலையை வெளிவிடும் சிறு அலைபரப்பி உள்ளது. அதைச் சூழ்ந்த திசுவில் உள்ள நீர் மூலக்கூறுகள் உரசிச் சூடேறுகின்றன. வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிரணுக்களின் புரதம், கொதிநீரில் இட்ட முட்டையின் வெண்கருபோல உறைந்துவிடும். அவ்வணுக்கள் மீண்டும் உயிர்பெறுவதில்லை. ஒரு கட்டியைச் சுடுவதற்குப் பெரும்பாலும் சில நிமிடங்களே ஆகின்றன. மயக்க மருந்து, ஆயத்தம், கண்காணிப்பு ஆகியவற்றுக்குத்தான் கூடுதல் நேரம் ஆகும்.

கல்லீரல் கட்டிகளுக்கே இம்முறை மிகுதியாகப் பயன்படுகிறது. நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றிலும் தக்க நோயாளிகளுக்குச் செய்யப்படுகிறது. 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளில் இது நல்ல பலன் தருகிறது. கல்லீரல் சுருங்கி, பெரிய அறுவையைத் தாங்க இயலாத நிலையில் உள்ளோருக்கு இது முக்கியமான வழி. இதற்கு முன்பே வழக்கிலுள்ள ரேடியோ அலைவரிசை முறையிலும் வெப்பமே கட்டியை அழிக்கிறது. ஆனால் கட்டியின் அருகே பெரிய இரத்தக்குழாய் இருந்தால், ஓடும் இரத்தம் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். நுண்ணலை விரைந்து சூடேற்றுவதால் அந்த இழப்பு குறைகிறது. யாருக்கு எம்முறை பொருந்தும் என்பதைக் கட்டியின் அளவு, எண்ணிக்கை, இடம், நோயாளியின் உடல்நிலை ஆகியவற்றைக் கொண்டு மருத்துவரே முடிவு செய்வார்.

சிகிச்சைக்கு முன்பு மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டியவை சில. இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரைகள் உட்கொள்கிறீர்களா, பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறீர்களா, கருவுற்றிருக்கிறீர்களா, எந்த மருந்துக்கேனும் ஒவ்வாமை உண்டா என்பவை அவை. மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது.

சிகிச்சைக்குப் பின் சில நாள்களுக்கு ஊசி சென்ற இடத்தில் வலி, களைப்பு, இலேசான காய்ச்சல் ஆகியவை ஏற்படலாம். இறந்த திசுவை உடல் அகற்றத் தொடங்குவதன் அடையாளம் அது. ஆனால் குளிர் நடுக்கத்துடன் கூடிய காய்ச்சல், தாங்க முடியாத வயிற்றுவலி, கண் மஞ்சளாதல், மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். இரத்தக்கசிவு, சீழ் பிடித்தல், அருகிலுள்ள உறுப்பில் சூடு படுதல் ஆகியவை அரிதாக நேரக்கூடியவை. கட்டி முற்றும் அழிந்ததா என்பதைப் பொதுவாக ஒரு மாதத்திற்குப் பிறகு எடுக்கும் ஸ்கேனே காட்டும். அதன் பின்னரும் குறித்த இடைவெளியில் சோதனை தொடரும். ஓரத்திலோ வேறிடத்திலோ கட்டி மீண்டும் தோன்றலாம் என்பதால், நலமாக உணர்ந்தாலும் அச்சோதனைகளைத் தவறவிடக் கூடாது.

யார் விலகி இருக்க வேண்டும், யார் வேண்டாம்?

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது தெளிவாக விடை சொல்லலாம். நுண்ணலைச் சிகிச்சை பெற்றவர் உடலிலிருந்து எந்தக் கதிரும் வெளிவருவதில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம்; ஒரே அறையில் உறங்கலாம்; ஒரே தட்டில் உண்ணலாம். காயம் ஆறும்வரை பளுவான எதையும் தூக்க வேண்டாம் என்று மருத்துவர் கூறியிருந்தால், குழந்தையைத் தூக்குவதற்கும் அது பொருந்தும். அப்போது அமர்ந்தவாறு அணைத்துக்கொண்டால் போதும். அது தாத்தாவின் காயத்திற்காகச் சொல்லப்படுவது. குழந்தைக்கு அதனால் ஆபத்து என்பதற்காக அன்று.

புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை அளிக்கும் 'லினாக்' என்னும் நேரியல் முடுக்கியிலும் நுண்ணலைக்கு ஒரு பங்கு உண்டு என்பது பலரும் அறியாதது. அங்கு நுண்ணலை எலக்ட்ரான்களை உந்தி மிகுந்த வேகத்தில் ஓடச் செய்கிறது. அவை உலோகத் தகட்டில் மோதும்போது வலிமை வாய்ந்த எக்ஸ் கதிர் பிறக்கிறது. ராடார் தொழில்நுட்பத்திலிருந்து வளர்ந்த இக்கருவியால் 1953இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் முதன்முதலாக நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. இங்குக் கட்டியைத் தாக்குவது எக்ஸ் கதிரே. அது மரபுப்பொருளை உடைக்க வல்லது. ஆகவேதான் அவ்வறையின் சுவர்கள் அவ்வளவு தடிமனாக உள்ளன. ஆயினும் கருவி நின்றதும் கதிரும் நின்றுவிடும். லினாக் சிகிச்சை பெற்று வெளியே வருபவரையும் தயக்கமின்றித் தொடலாம்.

விலகி இருக்க வேண்டிய சூழல் வேறு. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் உட்கொண்டவர் உடலில் அப்பொருள் சில காலம் தங்கியிருக்கும். அவர் மருத்துவர் குறிப்பிடும் நாள்கள் வரை குழந்தைகளிடமிருந்தும் கருவுற்ற பெண்களிடமிருந்தும் விலகி இருக்க வேண்டும். ஆகவே 'கதிர்வீச்சு' என்று யாரேனும் சொன்னால், "எந்த வகை? உடலுக்குள் மருந்து தங்கியிருக்கிறதா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மருத்துவமனையில் பிற பயன்கள்

இயன்முறை மருத்துவத்தில் தசைவலி, மூட்டுவலிக்கு நுண்ணலை டயதெர்மி அளிப்பதுண்டு. பேஸ்மேக்கர், உடலுக்குள் உலோகத் தகடு அல்லது திருகு, கருவுற்ற நிலை, தோலில் உணர்ச்சிக் குறைவு ஆகியவை இருந்தால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். உணர்ச்சி குறைந்த தோல் சுடுவதை உணராது என்பதே இதன் காரணம். சிகிச்சையின்போது இதமான வெம்மைக்கு மேல் சூடு தோன்றினால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள்.

மருத்துவக் கழிவில் உள்ள கிருமிகளை அழிக்கவும் நுண்ணலை பயன்படுகிறது. 2016ஆம் ஆண்டின் இந்திய உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் இதை அனுமதிக்கின்றன. இங்கும் கிருமியை அழிப்பது வெப்பமே.

கைப்பேசியைப் பற்றியும் ஒரு சொல். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல், கைப்பேசி போன்றவற்றின் வானொலி அலைவரிசைப் புலங்களை 'புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்' என்னும் வகையில் சேர்த்தது. உறுதி செய்யப் போதிய சான்று இல்லாதபோது இடப்படும் வகை அது. காதில் ஒட்டி வைத்து நெடுநேரம் பேசுவதைக் குறைக்க விரும்புவோர் ஒலிபெருக்கியையோ காதொலிக் கருவியையோ பயன்படுத்தலாம். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைக்காமல், கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும்.

பராமரிப்பவர் கவனத்திற்கு

நுண்ணலை அடுப்பால் வீடுகளில் நேரும் துன்பம் பெரும்பாலும் இரண்டு வகை: சூடு பட்டுப் புண்ணாதல், சரியாகச் சூடேறாத உணவால் நோய்த்தொற்று. கீமோதெரபி பெறுவோருக்கும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டோருக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். அவர்களுக்கு இரண்டாம் வகைத் துன்பம் உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.

1. உணவை மூடிச் சூடாக்குங்கள். நடுவில் ஒருமுறை நிறுத்தி நன்கு கிளறுங்கள். முடிந்ததும் 2 நிமிடம் அப்படியே விடுங்கள். நடுப்பகுதி உட்பட எல்லா இடத்திலும் ஆவி பறக்க வேண்டும். உணவு வெப்பமானி இருந்தால் 74 டிகிரி காட்ட வேண்டும். பிறகு ஆறவைத்துக் கொடுங்கள்.

2. வடித்த சோற்றை நெடுநேரம் வெளியே வைத்துப் பிறகு சூடாக்கிக் கொடுக்காதீர்கள். அதில் வளரும் ஒருவகை நுண்கிருமி உண்டாக்கும் நஞ்சைச் சூடு அழிப்பதில்லை. மீந்ததை 2 மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒருமுறைக்கு மேல் சூடாக்காதீர்கள்.

3. எவர்சில்வர், அலுமினியத் தாள், பொன்வரி தீட்டிய பீங்கான் ஆகியவற்றை அடுப்புக்குள் வைக்காதீர்கள், தீப்பொறி எழும். உணவகப் பொட்டலப் பெட்டிகளும் வேண்டாம். நுண்ணலை அடுப்புக்கு உகந்தது என்று குறித்த கண்ணாடி, பீங்கான் பாத்திரங்களே நல்லவை.

4. தாய்ப்பாலையும் குழந்தையின் புட்டிப்பாலையும் இதில் சூடாக்காதீர்கள். புட்டி கைக்கு இதமாகத் தோன்றும்போதே உள்ளே ஓரிடம் வாயைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கலாம். தாய்ப்பாலின் காக்கும் சத்துகளும் குறையும். வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை வைத்துச் சூடாக்குவதே சரி. குழாய் வழியே உணவு பெறும் நோயாளிகளுக்கும் இதே விதி பொருந்தும்.

5. வழவழப்பான கோப்பையில் தண்ணீரை அளவுக்கு மீறிச் சூடாக்கினால், அது கொதிக்காமலே கொதிநிலையைத் தாண்டியிருக்கும்; தொட்டவுடன் பொங்கித் தெறிக்கும். அரை நிமிடம் காத்திருந்து எடுங்கள். ஓட்டுடன் கூடிய முட்டையை வைக்கவே கூடாது, வெடித்துவிடும்.

6. மூடியைத் திறக்கும்போது ஆவி முகத்தில் அடிக்காதவாறு மறுபுறமாகத் திறங்கள். அடுப்பைத் தலைக்கு மேலான உயரத்தில் வைக்காதீர்கள். சிறு குழந்தைகள் தாமே சூடான உணவை எடுக்க விடாதீர்கள்.

7. அடுப்பில் சூடாக்கும் ஒத்தடப் பையை நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்கு வைக்காதீர்கள். சுடுவது அவர்களுக்குத் தெரியாது. கொப்புளம் புண்ணாகி, ஆறாமல் போகலாம்.

சத்து குறைந்துவிடுமோ என்றும் சிலர் கேட்பர். எம்முறையில் சமைத்தாலும் சிறிது சத்து குறையவே செய்யும். குறைந்த நீரில் குறைந்த நேரம் சமைப்பதால், நீரில் கரையும் வைட்டமின் சி போன்றவை நுண்ணலை அடுப்பில், நீரில் வேகவைத்து வடிப்பதைவிட மிகுதியாகவே எஞ்சக்கூடும்.

நோயுற்றவருக்கு மருந்தைப் போலவே மனிதர்களின் அருகாமையும் தேவை. ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு அவரைத் தனி அறையில் ஒதுக்கிவைப்பது நோயைவிடக் கொடிய துன்பம். வீடு திரும்பும் நாளில் ஐயங்களைத் தயங்காமல் கேளுங்கள்; சிறிய கேள்வி என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். பிறகு கஞ்சியை நன்றாகக் கிளறிச் சூடாக்கி, ஆறவைத்து, பேரனையும் பக்கத்தில் அமர்த்தித் தாத்தாவுக்குக் கொடுங்கள்.